'செக்ட்' என்றேன், பார்க்கவில்லை

ஏர்பஸ் ஏ320-இன் வலது இருக்கைக்கு, அதாவது துணை விமானியாக, வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வழக்கமான சிமுலேட்டர் சோதனைக்குப் போயிருந்தேன். பயிற்றுநர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அன்று கேப்டன் இருக்கையில் அவரே உட்கார்ந்துகொண்டார். ஓட்டுவது நான், கண்காணிப்பது அவர். பிரேக்கை விட்டேன். இன்ஜின் விசையைக் கூட்டும் இரண்டு த்ரஸ்ட் லீவர்களையும் பாதிவரை தள்ளி, இரு இன்ஜின்களும் ஒன்றுபோல் நிலைகொள்ளும்வரை பொறுத்து, பிறகு ஃப்ளெக்ஸ் என்ற, லீவர் பதிந்து நிற்கும் பள்ளத்தில் கொண்டுபோய் வைத்தேன். திரையின் மேல் வரிசையில் எழுத்துகள் மாறின. வாய் தானாகப் படித்தது: "மேன் ஃப்ளெக்ஸ் ஃபிஃப்டி த்ரீ, எஸ்.ஆர்.எஸ்., ரன்வே, ஆட்டோத்ரஸ்ட் ப்ளூ."

இந்த ஒரு வரியை வெளியாட்களுக்குப் புரியவைக்க எனக்கு ஆசை அதிகம். முன்னால் இருக்கும் பிரதானத் திரையின் உச்சியில் ஐந்து கட்டங்கள் உண்டு. விமானம் இப்போது யார் சொல்லைக் கேட்டு நடக்கிறது என்பதை அவை சொல்லும். 'மேன் ஃப்ளெக்ஸ் 53' என்றால், வெளியே 31 டிகிரிதான் என்றாலும் 53 டிகிரி என்று இன்ஜினிடம் பொய் சொல்லியிருக்கிறோம் என்று அர்த்தம். அவ்வளவு வெயிலில் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவுதான் அது தள்ளும். ஓடுபாதை நீளமும் எடையும் இடம் கொடுக்கும் நாளில் இன்ஜினை முழுமூச்சாக ஓட்டித் தேய்க்க வேண்டாமே என்பதற்கான ஏற்பாடு அது. 'எஸ்.ஆர்.எஸ்.' பச்சையில் வந்தால், எழும்பிய பின் மூக்கை எவ்வளவு தூக்கினால் சரியான வேகம் நிற்கும் என்று கணினி வழிகாட்டத் தயார். 'ரன்வே' என்பது ஓடுபாதையின் நடுக்கோட்டை விட்டு விலகாமல் இருக்க உதவும் வழிகாட்டல். கடைசிக் கட்டத்தில் நீல எழுத்தில் ஆட்டோத்ரஸ்ட், இன்ஜின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு. நீலம் என்றால் காத்திருக்கிறது, இன்னும் வேலையைக் கையில் எடுக்கவில்லை. புதிதாக வந்த எழுத்தைச் சுற்றிப் பத்து விநாடிக்கு ஒரு வெள்ளைக் கட்டம் நிற்கும். என்னைப் போன்றவர்களுக்காகத்தான் அதை வைத்தார்களோ என்று தோன்றும்.

இடது ஓரத்தில் வேகப்பட்டை. 30 நாட்டுக்குக் கீழே அது அசையாது; நாட் என்பது விமான வேகத்தின் அளவு. அதைத் தாண்டியதும் எண்கள் உருளத் தொடங்கும். மஞ்சள் அம்பு ஒன்று மேலே நீளும். இன்னும் பத்து விநாடியில் வேகம் எங்கே இருக்கும் என்பதை அதன் நுனி காட்டும். பட்டையில் நீல '1' தெரிந்தால் அது வி-ஒன், அதைத் தாண்டிய பிறகு நிறுத்தும் பேச்சே கிடையாது. ஒரு சின்ன நீல வட்டம் மூக்கைத் தூக்கும் வேகம். அன்றைக்கு வி-ஒன் 141, தூக்குவது 143.

80 நாட்டைத் தாண்டினால் விமானமே நம் மேல் ஒரு கருணை காட்டும். சின்னச் சின்னக் கோளாறு எச்சரிக்கைகளையெல்லாம், தரையை விட்டு 1,500 அடி ஏறும்வரை அடக்கிவைத்துக்கொள்ளும். கழிவறை விளக்கு மாதிரி விஷயத்துக்காக யாரும் பதறி பிரேக்கை மிதித்துவிடக் கூடாதல்லவா! அந்த நேரத்தில் பார்க்கவேண்டியவை மிகக் குறைவு. அந்தக் குறைவானதைத்தான் நான் பார்க்கவில்லை.

"ஹண்ட்ரட் நாட்ஸ்" என்றார்.

"செக்ட்" என்றேன். பார்த்தேன், சரி என்று அர்த்தம்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டே, கிளிப்பிள்ளை மாதிரி. பத்து விநாடி கழித்து "வி-ஒன்", உடனே "ரொட்டேட்". இழுத்தேன், எழும்பியது. அப்போதுதான் என் பட்டையைப் பார்த்தேன்: 120-ஐ ஒட்டி நின்றுகொண்டிருந்தது. வேகமே இல்லாமல் தூக்கிவிட்டேன் என்று நெஞ்சு திடுக்கிட்டது. கை மூக்கை இறக்கப் போனது. தரை எங்கோ பத்திருபது அடிக்குக் கீழே. அவர் சிமுலேட்டரை உறைய வைத்துவிட்டார்.

"தம்பி, நூறுன்னு சொன்னேன்லா. ஒங்க பக்கம் எவ்ளோ இருந்துச்சு?"

"நூறுதான் சார்... இருந்திருக்கும்."

"எம்பத்திரண்டு. பிரேக்கை விடுறதுக்கு முன்னாடியே ஒங்க பக்கக் கோளாறப் போட்டாச்சு."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

இரண்டு விமானிகளுடைய திரைகளுக்கும் வேகம் வருவது, எதிர்க்காற்றின் அழுத்தத்தை அளக்கும் வெவ்வேறு பிட்டோ குழாய்களிலிருந்து, வெவ்வேறு கணினிகள் வழியாக. 'ஹண்ட்ரட்' என்று ஒருவர் சொல்வது, 'என் பக்கத்தில் இது வந்திருக்கிறது, உன் பக்கத்தில் என்ன?' என்ற கேள்வி. நான் அதை வருகைப் பதிவேட்டில் 'உள்ளேன் ஐயா' சொல்வதுபோல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு விடுதியில் தூக்கம் வராமல் பழைய விபத்தொன்றைத் திரும்பப் படித்தேன். 1996 பிப்ரவரி 6, டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பர்ஜன்ஏர் போயிங் 757. துணை விமானி 80 நாட் என்கிறார். கேப்டன் 'செக்ட்' என்கிறார். தன் வேகமானி வேலை செய்யவில்லை என்று கேப்டன் சொல்வது அதற்குப் பிறகு. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. மேலே போனதும் கதை இன்னும் மோசம். அடைபட்ட பிட்டோ குழாய்க்குள் தரைமட்டத்துக் காற்று சிக்கிக்கிடக்கும். விமானம் ஏற ஏற வெளியழுத்தம் குறையும். வேகமானியோ வேகம் கூடுவதாகக் காட்டும். செத்துக் கிடந்த காட்டி உயிர் பெற்றதுபோல் ஏறியது. அதை நம்பி ஆட்டோபைலட் மூக்கைத் தூக்கித் தூக்கி, உண்மையான வேகத்தைக் கரைத்தது. 189 பேரும் போனார்கள். குழாயை அடைத்தது குளவி கட்டிய மண்கூடாக இருக்கலாம் என்பது விசாரணையின் அனுமானம்.

குளவி! வீட்டில் குளவி மண்கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று அதைக் கலைக்கவிடாத பாட்டி வீட்டில் வளர்ந்தவன் நான்.

குளவியின் கதை அதோடு முடியவில்லை. 2018 ஜூலை 18, பிரிஸ்பேன். அங்கே குளவித் தொல்லை பிரசித்தம் என்பதால், நின்றிருந்த மலேசியன் ஏர்லைன்ஸ் ஏ330-இன் பிட்டோ குழாய்களுக்கு உறை மாட்டியிருந்தார்கள். கிளம்பும்போது அதைக் கழற்ற மறந்தார்கள். சுற்றிப் பார்த்தவர் கண்ணிலும் படவில்லை. ஓடுபாதையில், திரையில் வேகம் இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பு எச்சரிக்கை எழுத்து. அப்படியும் விமானம் எழும்பிவிட்டது. நல்லவேளையாகப் பத்திரமாகத் திரும்பி இறங்கியது. சிவப்பு எழுத்தைக்கூடப் பார்க்காமல் இருப்பார்களா என்று கேட்ட நண்பர்கள் உண்டு. நான் கேட்கவில்லை. இருட்டில், விநாடிக்கு நாலு நாட் கூடிக்கொண்டிருக்கும்போது, கண் தேடாத ஒன்று எத்தனை சிவப்பாக இருந்தும் பயனில்லை என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் அதே பயிற்சியை மறுபடி செய்யச் சொன்னார். 'ஹண்ட்ரட்' வந்தது, பார்த்தேன், 82. "நாட் செக்ட்", ஒத்துப்போகவில்லை என்றேன். அவர் லீவரைப் பின்னுக்கு இழுத்தார், விமானம் நின்றது. நிறுத்தும் முடிவு எங்கள் வழக்கப்படி கேப்டனுடையது. பார்த்ததைச் சொல்வது மட்டும்தான் என் வேலை. பிறகு, நிறுத்தாமல் மேலே போனால் என்ன செய்வது என்பதையும் காட்டினார். ஆட்டோபைலட், ஆட்டோத்ரஸ்ட், மூக்கு எங்கே இருக்கவேண்டும் என்று திரையில் காட்டும் ஃப்ளைட் டைரக்டர் மூன்றையும் அணைத்துவிட்டு, லீவரை முழுக்கத் தள்ளி, மூக்கை 15 டிகிரியில் பிடி. வேகப்பட்டையைப் பார்க்காதே. பார்க்கச் சொன்ன மனிதர் இப்போது பார்க்காதே என்கிறார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் 'செக்ட்' சொல்ல ஒரு கணம் பிந்துகிறது. ஓடுபாதையிலிருந்து கண் இறங்கி, எண்ணைப் பிடித்து, மறுபடி வெளியே போக எடுக்கும் நேரம் அது. சென்ற வருடம் டெல்லியிலிருந்து கிளம்பிய ஒரு விடியற்காலை, மேலே ஏறி லீவரை இறக்கச் சொல்லும் எழுத்துகள் மினுக்கி அடங்கி, ஆட்டோத்ரஸ்ட் நீலத்திலிருந்து வெள்ளையானதும், கூட இருந்த கேப்டன் கேட்டார்: "நூறுல என்னப்பா, கொஞ்சம் லேட்டா பதில் சொன்னீங்க?"

"பாத்தேன் சார்."

"எவ்வளவு?"

"நூத்தியொண்ணு."

அவர் காபி கேட்டு உள்ளே மணியை அழுத்தினார்.