மூச்சு இருக்கு சார்

"மூச்சு இருக்கு சார், கொறட்ட விடுறாரு பாருங்க" என்றான் ஹெல்பர் பையன், விழுந்து கிடந்த தொழிலாளியைக் காட்டி. நானும் சரியென்று நின்றுவிட்டேன். இரண்டு நிமிஷம் இருக்கும். பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டு ஆலையில் அன்று நடந்ததை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அந்த இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறேன்.

அது குறட்டை இல்லை. இதயம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் வாய் அப்படி விட்டு விட்டு இழுக்கும். அதை மூச்சென்று எண்ணாதே, உடனே நெஞ்சை அழுத்து என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். பையனைக் குறை சொல்ல மாட்டேன். காண்ட்ராக்ட் ஆள், பயிற்சிக்கு அவனை நாங்கள் கூப்பிட்டதே இல்லை.

ஃபர்னஸ் பக்கம் வெக்கையில் மயங்கி விழுவது புதிதல்ல, அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் இதயத்துக்கு மின் ஷாக் கொடுக்கும் ஏஇடி பெட்டியைக் கொண்டுவந்து, அதன் பேடுகளை உடனே நெஞ்சில் ஒட்டியிருக்கலாமே? இதயம் தாறுமாறாகத் துடித்தால்தான் அது ஷாக் கொடுக்கும், மற்றபடி நாம் பட்டனை அமுக்கினாலும் கொடுக்காது. நான் யோசித்து நின்றதை அது சில நொடியில் சொல்லியிருக்கும். இரண்டு நிமிஷம் போன பிறகுதான் நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன், பெட்டியும் வந்தது.

கார்த்திகை மாசம், மாலை போட்டிருந்தார். சட்டையைக் கிழித்தால் நெஞ்செல்லாம் வேர்வை, பேட் வழுக்கியது. அவருடைய கறுப்புத் துண்டாலேயே துடைத்தேன். "சாமி மாலையக் கழட்டாதீங்க சார்" என்று ஒருவர் என் கையைப் பிடித்தார். கழட்டவே வேண்டாம், தோளோரம் ஒதுக்கினால் போதும். வலது காறையெலும்புக்குக் கீழே ஒன்று, இடது அக்குளுக்குக் கீழே விலாவில் ஒன்று. எல்லோரையும் விலகச் சொல்லிப் பட்டனை அமுக்கினேன். உடம்பு ஒரு துள்ளு துள்ளியது. உடனே மறுபடி அழுத்தல், நிமிஷத்துக்கு 100இலிருந்து 120. இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு விரல் அசைந்தது. 108 வந்தது.

பிழைத்துவிட்டார். அவருக்காகத் தம்பி சபரிமலைக்குப் போய் வாங்கிவந்த அரவணைப் பிரசாதத்தைக் கொண்டுவந்த அவர் மனைவி, "நீங்க குடுத்த உசுருண்ணா" என்று அழுதார். வாங்கிக்கொண்டேன்.

அழுத்தாமல் விடும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். மூளைக்கும் அது கேடு. இப்போது அவருக்கு மறதி. என்னால்தானா, எப்படியும் வந்திருக்குமா, யாரால் சொல்ல முடியும்? கொடுத்தது நான்தான் என்றால் எடுத்ததிலும் எனக்குப் பங்கு உண்டோ என்று தோன்றுகிறது. அடுத்த நாள், இல்லை, ஆள் உயிரோடு இருக்கிறார் அல்லவா என்று தேற்றிக்கொள்கிறேன்.

வேலைக்குத் திரும்பியதும் கேட்டார்: "சார், அன்னிக்கு நான் எவ்வளவு நேரம் கெடந்தேன்?"

"உடனே பாத்துட்டோம் சாமி" என்றேன்.

போன வாரம் மறுபடி அதையே கேட்டார், முதல் தடவை கேட்பது போல. நானும் அதையே சொன்னேன்.