படிப்புக் கோப்புகள்: லேப்டாப்பையும் பென்டிரைவையும் ஒத்திசைப்பது எப்படி?

குரூப் 2, நெட், கேட் என்று எந்தத் தேர்வுக்குப் படித்தாலும் குறிப்புகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. வீட்டில் லேப்டாப், நூலகத்திலோ கல்லூரி லேபிலோ வேறொரு கணினி, நடுவில் ஒரு பென்டிரைவ். கொஞ்ச நாளில் 'பொருளாதாரம் புதியது', 'பொருளாதாரம் புதியது 2', 'பொருளாதாரம் கடைசி' என்று மூன்று கோப்புகள் சேர்ந்துவிடும். இதற்கு, இரண்டு ஃபோல்டர்களை ஒப்பிட்டு ஒரேமாதிரி ஆக்கும் ஃப்ரீஃபைல்சிங்க் (FreeFileSync) நல்ல கருவி. இலவசம்தான், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

கருவியை நிறுவும் முன் ஏற்பாட்டைச் சுருக்கிக்கொள்ளுங்கள். லேப் கணினியில் எதையும் சேமிக்க வேண்டாம். அங்கே பென்டிரைவிலிருந்தே கோப்பைத் திறந்து, அதிலேயே சேமியுங்கள். அப்போது ஒத்திசைக்க வேண்டியது லேப்டாப்பும் பென்டிரைவும் மட்டும். லேபில் மென்பொருள் நிறுவ அனுமதி கேட்கும் வேலையும் மிச்சம்.

நிறுவியதும் இடப்பக்கம் லேப்டாப்பின் படிப்பு ஃபோல்டரையும், வலப்பக்கம் பென்டிரைவின் ஃபோல்டரையும் கொடுங்கள். பென்டிரைவின் டிரைவ் எழுத்து செருகும்போதெல்லாம் மாறக்கூடும் என்பதால், அதற்கு ஒரு பெயர் வைத்து, பாதையின் தொடக்கத்தில் அந்தப் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். எஃப்5 அழுத்தினால் ஒப்பிடும். எஃப்9 அழுத்தினால்தான் கோப்புகள் நகரும். இந்த இரண்டு விசைகளுக்கும் நடுவில் பட்டியலை வாசிக்கிறீர்களா என்பதில்தான் குறிப்புகளின் தலைவிதி இருக்கிறது.

ஒரு கோப்பு லேப்டாப்பில் இருக்கிறது, பென்டிரைவில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பில் அது புதிதாக உருவாகியிருக்கலாம். அல்லது பென்டிரைவில் நீங்களே அழித்திருக்கலாம். இரண்டு ஃபோல்டர்களையும் பார்த்தால் மட்டும் எந்தக் கருவிக்கும் இது தெரியாது. போனமுறை இரண்டு பக்கமும் எப்படி இருந்தன என்ற பதிவு வேண்டும். இருபக்க மாற்றங்களும் மறுபக்கம் போய்ச் சேரும் டூ வே முறையில் ஃப்ரீஃபைல்சிங்க் அந்தப் பதிவை இரு ஃபோல்டர்களிலும் ஒரு சிறிய மறைகோப்பாக எழுதி வைக்கிறது. 'ஏதோ குப்பை' என்று அதை அழித்தால் கருவிக்கு நினைவு போய்விடும். அடுத்தமுறை நீங்கள் அழித்த கோப்புகளெல்லாம் புதியவை என்று கருதப்பட்டுத் திரும்பி வந்து நிற்கும்.

மிரர் முறைக்குப் பதிவே தேவையில்லை. இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே ஆகிவிடும். வலப்பக்கம் மட்டும் இருப்பது அழியும். லேபில் மாலை முழுக்கப் பென்டிரைவில் எழுதிவிட்டு, வீட்டில் மிரர் போட்டால் அந்த மாலை போய்விட்டது என்று அர்த்தம். தினசரி வேலைக்கு டூ வே; மிரர் பேக்கப்புக்கு மட்டும்.

முதல்முறை டூ வே ஓட்டும்போது பதிவு இன்னும் இருக்காது. அப்போது கருவி தேதியை நம்பும்: புதியது பழையதன் மேல் எழுதும், ஒருபக்கம் மட்டும் இருப்பது மறுபக்கம் நகலாகும். பழைய லேப் கணினிகளில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கடிகாரம் பல வருடம் பின்னால் ஓடுவது சாதாரணம். அங்கே இன்று எழுதிய குறிப்பு 'பழையது' என்று தோன்றி, லேப்டாப்பில் உள்ள நிஜமான பழையது அதன் மேல் ஏறிவிடும். ஆகவே முதல் ஓட்டத்துக்கு முன் பென்டிரைவை முழுதாக வேறொரு ஃபோல்டரில் நகலெடுத்து வையுங்கள். பதிவு உருவான பிறகு இந்த ஆபத்து பெரிதும் குறையும். போனமுறைக்குப் பின் எந்தப் பக்கம் மாறியது என்றுதான் கருவி பார்க்கும்.

இரண்டு பக்கமும் மாறியிருந்தால் மின்னல் குறியோடு முரண் என்று காட்டும், தானாக எதையும் செய்யாது. அதுதான் சரி. இரண்டையும் திறந்து, பத்திகளைக் கையால் ஒன்றுசேர்க்க வேண்டும். இருநூறு பக்கக் குறிப்பை ஒரே வேர்டு கோப்பாக வைத்திருப்பவர்களுக்கு இந்த முரண் ஓயாமல் வரும். ஒரு தலைப்புக்கு ஒரு கோப்பு என்று பிரித்துவிடுங்கள். திருப்புதலுக்கும் அதுவே வசதி.

தொடாத கோப்புகள்கூட வேறுபடுவதாகக் காட்டினால் பதற வேண்டாம். அளவு ஒன்றாகவும் நேரம் மட்டும் வேறாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்ஏடி32 (FAT32) என்ற பழைய சேமிப்பு வடிவத்தில் உள்ள பென்டிரைவ் நேரத்தை 2 விநாடித் துல்லியத்தில்தான் வைக்கும்; அந்த வித்தியாசத்தைக் கருவி தானாகவே பொறுத்துக்கொள்ளும். மேலும் அது உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் லேப்டாப்பின் சேமிப்பு வடிவமான என்டிஎஃப்எஸ் (NTFS) உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் மாறி மாறிப் பயன்படுத்தினால் எல்லாக் கோப்பும் சரியாக 5 மணி 30 நிமிடம் தள்ளித் தெரியலாம். ஒப்பீட்டு அமைப்பில் (எஃப்6) நேர விலகலைப் புறக்கணிக்கும் பெட்டியில் 5:30 என்று போட்டால் தீர்ந்தது. சந்தேகம் தீராவிட்டால் உள்ளடக்க ஒப்பீடு இருக்கிறது. அது இருபக்கமும் முழுதாகப் படிக்கும். விநாடிக்கு 25 எம்பி படிக்கும் பென்டிரைவில் 10 ஜிபிக்கு ஏறத்தாழ 7 நிமிடம். தினமும் அதை ஓட்டுவது வீண்.

விண்டோஸில் பென்டிரைவுக்கு ரீசைக்கிள் பின் கிடையாது, அழிந்தால் அழிந்ததுதான். எனவே ஒத்திசைவு அமைப்பில் (எஃப்8) அழிப்பதற்கு வெர்ஷனிங்கை (அழியும் கோப்பை வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்தி வைக்கும் முறை) தேர்ந்து, லேப்டாப்பில் 'பழையவை' என்றொரு ஃபோல்டரைக் காட்டுங்கள். அது ஒத்திசைக்கும் ஃபோல்டருக்கு வெளியே இருக்கட்டும். பெயரோடு நேரமுத்திரை சேரும் வகையைத் தேர்ந்தால் மேலெழுதப்பட்ட ஒவ்வொரு பதிப்பும் தனியாக நிற்கும். வடிகட்டியில் (எஃப்7) விலக்கும் பகுதியில் *\~$* என்று சேருங்கள். வேர்டு திறந்திருக்கும்போது உருவாகும் தற்காலிகக் கோப்புகள் ஒழியும். வகுப்பு வீடியோ 4 ஜிபியைத் தொட்டால் எஃப்ஏடி32 ஏற்காது, நகலெடுப்பு பிழையோடு நிற்கும். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் (exFAT) வடிவத்தில் ஃபார்மட் செய்யுங்கள்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு தனித் தொல்லை. 'கொள்கை' என்பதில் உள்ள ஒகரக் குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியீடாகவும், சில கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் பதிகின்றன. திரையில் வித்தியாசமே தெரியாது. விண்டோஸுக்கு அவை இரு வேறு பெயர்கள். ஒரே தலைப்பு இரண்டு வரிகளாக வந்தால் ஒன்றின் பெயரை அழித்து, மற்றதிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். லினக்ஸில் பெயரில் வைத்த கேள்விக்குறியையும் முக்காற்புள்ளியையும் பென்டிரைவ் ஏற்காது.

இவ்வளவும் செய்தாலும் ஒத்திசைவு பேக்கப் ஆகாது. தவறாக அழித்தது அடுத்த எஃப்9-இல் மறுபக்கமும் அழியும். வாரம் ஒருமுறை லேப்டாப்பிலிருந்து வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மிரர் ஓட்டுங்கள். இதற்கும் வெர்ஷனிங் போடுங்கள். வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். ஹால் டிக்கெட், சான்றிதழ் ஸ்கேன், விண்ணப்பப் பிடிஎஃப் இருக்கும் ஃபோல்டரையும் இதில் சேர்த்து, மாதம் ஒருமுறை டிஸ்க்கிலிருந்தே சில கோப்புகளைத் திறந்து பாருங்கள்.