தலை சாய்த்துக்கொள்ள ஒரு முதுகு

“மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல…” பைபிளின் 42-ஆம் சங்கீதம். சின்ன வயதிலிருந்து மனப்பாடம்.

இதற்கு அகஸ்டீன் தந்த விளக்கத்தை இந்த வாரம்தான் நிதானமாகப் படித்தேன். அல்ஜீரியாவில் இன்று அன்னாபா என்கிற அன்றைய ஹிப்போ ஊரின் கிறிஸ்தவ ஆயர் (பிஷப்), 430-இல் இறந்தவர். ஞானஸ்நானம் பெறப் போகிறவர்களின் தாகத்தை இந்தப் பாட்டில் கேட்கிறார். மான் பாம்புகளைக் கொல்லுமாம், கொன்றபின் தாகம் இன்னும் கூடுமாம். பாம்புகள் நம் தீய குணங்கள். அவற்றைக் கொல், அப்போதுதான் உண்மையான தாகம் வரும் என்கிறார். அந்தக் காலத்து இயற்கை அறிவு அப்படி. ஆனாலும் அந்தத் தாகம் எனக்குப் புரிகிறது.

என்னை நிறுத்தியது அடுத்ததுதான். மான் கூட்டம் நீந்தி அக்கரை போகும்போது, ஒவ்வொன்றும் முன்னால் போகிறதன்மேல் தலையைச் சாய்த்துக்கொள்ளுமாம். முதல் மானுக்குச் சாய இடமில்லை. அது களைத்ததும் பின்னால் போய்விடும், வேறொன்று முன்னால் வரும். ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்ற அப்போஸ்தலன் பவுலின் வார்த்தையை அங்கே கொண்டுவந்து வைக்கிறார்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானும் அக்காவும் தம்பியும் அப்படித்தான் முறை மாற்றிக்கொண்டோம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஃபிளாஸ்க்கோடு வந்து, “நீ போய்ப் படு, நான் பார்த்துக்கறேன்” என்பாள் அக்கா.