கறுப்பு ஒயர், வெள்ளை ஒயர்

மாதத்தில் 20-ஆம் தேதி எங்கள் தொழிலில் இருப்பவனிடம் யாரும் கைமாற்றுகூடக் கேட்க மாட்டார்கள். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசி நாள் அது. தப்பினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வியாபாரமே நடக்காத ‘நில்’ ரிட்டர்னுக்கு 20 ரூபாய். பணம் பார்ட்டியின் பையிலிருந்து போகும், பேச்சு நம் காதில் விழும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறை. நான், ஒரு லேப்டாப், பி.காம். முடித்துவிட்டு உதவிக்கு வரும் ஒரு பெண். அலுவலகம் என்பது இவ்வளவுதான். பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரிகள் சிலர், முதுநகரில் ஒரு ஐஸ் ஃபேக்டரி, இரண்டு ஹார்டுவேர் கடை, ஒரு ஜவுளிக்கடை. இவர்கள் கணக்கெல்லாம் அந்த ஒரு லேப்டாப்பில்தான் ஓடுகிறது.

ஒரு மாதம் 16-ஆம் தேதி வைஃபை விட்டு விட்டு வர ஆரம்பித்தது. பாதி ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்கும்போது அறுந்துவிடும். மறுபடி லாகின், மறுபடி கேப்சா, மறுபடி ஓடிபி. ஓடிபி பார்ட்டியின் போனுக்குப் போகும், அவர் அந்த நேரம் பார்த்து முந்திரி மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பார்.

முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது எதிர் மேஜையின் மேல். அந்தப் பெண்ணின் போனும் ஆபீஸ் வைஃபையில்தான் இருந்தது.

“போன்ல என்னம்மா பார்த்துக்கிட்டிருக்க?”

“ஒண்ணும் பார்க்கல சார்.”

“அப்புறம் நெட்டு எங்க போவுது?”

அவள் பதில் சொல்லவில்லை. போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே ரூட்டரின் பாஸ்வேர்டை மாற்றினேன். புதிய பாஸ்வேர்டை அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நெட் பிரமாதமாக வந்தது. பார்த்தாயா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒன்பது இருபதுக்குப் போய்விட்டது.

அடுத்து இன்டர்நெட் லைன்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்து தன் போனை ரூட்டரில் இணைத்து, வேகத்தை அளந்து, திரையை என் மூக்குக்கு நேராக நீட்டினார். “லைன் நல்லாத்தான் சார் இருக்கு. உங்க சிஸ்டத்தைப் பாருங்க.” நம்பவில்லை. ஏனென்றால் என்னிடம் ஒரு ஆதாரம் இருந்தது. என் மௌஸ் ப்ளூடூத் மௌஸ். வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே கார்டில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். மௌஸ் ஓடுகிறது, ஆக கார்டு நன்றாக இருக்கிறது, ஆக தப்பு வேறு எங்கோ. தணிக்கைக்காரன் மூளை இப்படித்தான் ஓடும்: ஒரு வவுச்சர் சரியாக இருந்தால் பக்கமே சரி என்று டிக் அடித்துவிடும்.

விண்டோஸில் கருவிகளின் பட்டியலைக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தபோது வைஃபை கார்டின் பெயருக்கு மேல் மஞ்சள் முக்கோணம் உட்கார்ந்திருந்தது. ‘கோட் 10’ என்ற பிழை, சாதனம் தொடங்கவில்லை என்று பொருள். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கிப் போட்டேன். பழைய டிரைவருக்குத் திரும்பினேன். மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்தேன். இரவெல்லாம் அணைத்து வைத்தால் காலையில் இருபது நிமிஷம் வரும், சூடேறினால் போய்விடும். இத்தனை தெளிவாக அது சொல்லியும் எனக்குப் புரியவில்லை.

சர்வீஸ் கடை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். திறக்காமலே, திருப்பிப் பார்த்துவிட்டு, “மதர்போர்டுல ஐசி போயிருக்கும் சார். 6,500 ஆவும். நாலு நாள் விட்டுட்டுப் போங்க” என்றார்கள். அன்று தேதி 19. நான்கு நாள் விட்டுவிட்டுப் போக நான் என்ன ஊட்டிக்கா வந்திருக்கிறேன்? எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

20-ஆம் தேதி காலை இருபது நிமிஷத்தில் இரண்டு ரிட்டர்ன் போனது. மீதி பதினான்கு. லேப்டாப்பில் லேன் கேபிள் சொருக ஓட்டையே கிடையாது, மெல்லிய மாடல் என்று ஆசைப்பட்டு வாங்கியது. என் சிம்முக்கு அந்த மாடியறையில் ஒரு கோடு நிற்பதே பெரிது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெண் தன் சார்ஜர் ஒயரை எடுத்துப் போனை லேப்டாப்பில் சொருகினாள். போனின் நெட் ஒயர் வழியாக லேப்டாப்புக்கு வந்தது.

“யுஎஸ்பி டெதரிங் சார். இதுக்கு வைஃபை கார்டே வேணாம்.”

பதினான்கு ரிட்டர்னும் அதில்தான் போயின. கடைசி சலான் கட்டும்போது மணி இரவு எட்டேகால்.

மறுநாள் நிதானமாகப் படித்துப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. லேப்டாப்பில் இருக்கும் எம்.2 வகை வைஃபை கார்டு ஒரே துண்டுதான். ஆனால் உள்ளே இரண்டு வாசல். வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பாதை வழியாகப் போகிறது, ப்ளூடூத் யுஎஸ்பி வழியாகப் போகிறது. ஒன்று படுத்தாலும் மற்றது நடமாடும். என் மௌஸ் இத்தனை நாள் பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

சரி, திறந்துதான் பார்ப்போம் என்று முடிவு செய்யவே எனக்கு இரண்டு நாள் ஆனது. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரை கடந்தது. அப்போது என்னிடம் ஒரு டெஸ்க்டாப். பல நாள் கழித்துக் கரண்ட் வந்தபோது ஈரம் காயட்டும் என்று அதைத் திறந்தேன். உள்ளே செம்பு இருந்த இடமெல்லாம் பித்தளைப் பாத்திரம் மாதிரி பச்சைக் களிம்பு. துடைத்து மூடினேன், அது திரும்ப ஓடவேயில்லை. அதற்கப்புறம் ஸ்க்ரூட்ரைவர் என்றால் எனக்கு மின்விசிறியோடு சரி. தேவனாம்பட்டினம் கடற்கரை எங்கள் மாடிக்குப் பக்கம். ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், கூடவே உப்பும் வரும். இந்த ஊரில் ஜன்னல் கம்பியும் பீரோ கீலும் முழு ஆயுசு வாழ்ந்து நான் பார்த்ததில்லை.

முதல் முறை திறந்தபோது கார்டைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினேன். ஒரு மணி நேரம் ஓடியது. அந்த ஒரு மணி நேரம் நான் அடைந்த பெருமையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜவுளிக்கடைக்காரருக்குப் போன் போட்டே சொன்னேன். பிறகு செத்தது செத்ததுதான், காலை இருபது நிமிஷமும் கிடையாது.

புதிய கார்டு வாங்கப் பாண்டிக்குப் பஸ் ஏறினேன். ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம். கடலூர்க்காரன் பாண்டி போய்த் திரும்பினால் பையில் என்ன என்று செக்போஸ்ட்டில் கேட்பது வழக்கம். கேட்டால் வைஃபை கார்டு என்று சொல்லவேண்டும், யார் நம்புவார்கள் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

பாண்டியில் ஒரு சின்னக் கடை. ஆள் இளைஞர், பேச்சு குறைவு. நான் படித்து வைத்திருந்த பெயரைச் சொன்னேன்: “இன்டெல் ஏஎக்ஸ் 201 குடுங்க.”

“உங்க லேப்டாப்ல ப்ராசசர் இன்டெல்லா, ஏஎம்டியா?”

“ஏஎம்டி.”

“அப்ப 201 வேலை செய்யாது சார். 200 எடுத்துக்குங்க.”

ஒரு எண்தானே வித்தியாசம் என்றேன். அவர் இரண்டையும் கண்ணாடி மேல் வைத்துக் காட்டினார். அளவு ஒன்று, 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். 200 தனிக்குடித்தனம் மாதிரி, வைஃபை வேலை முழுவதையும் தானே செய்துகொள்ளும், எந்த ப்ராசசரானாலும் சரி. 201 கூட்டுக்குடும்பம். பாதி வேலைதான் கார்டில் இருக்கிறது. மீதியை அதற்கென்று செய்த இன்டெல் சிப்செட் செய்ய வேண்டும். ஏஎம்டி பலகையில் அதற்கு ஆள் கிடையாது. ஜிஎஸ்டி எண்ணில் ஒரு எழுத்து மாற்றிப் போட்டால், கடைசியில் இருக்கும் சரிபார்ப்பு எழுத்து காட்டிக்கொடுத்துவிடும், போர்ட்டல் அங்கேயே துப்பிவிடும். இதற்கு அப்படிக் காவல் இல்லை. சொருகினால் சமத்தாக உள்ளே போய் உட்காரும், வேலைதான் செய்யாது.

இன்னொன்றும் கேட்டார்: மாடல் என்ன, எந்த வருஷத்துது? சில கம்பெனிகள் பழைய மாடல்களில், லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளுக்குள்ளேயே ஒரு பட்டியல் வைத்திருக்குமாம். பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால், அனுமதி இல்லாத கார்டு என்று ஒரு வரி காட்டிவிட்டு லேப்டாப் அங்கேயே நின்றுவிடும், விண்டோஸ் வரை போகாது. காசு கொடுத்து வாங்கிய பொருளில் எதைச் சொருகலாம் என்று இன்னொருவர் பட்டியல் போடுவது என்ன நியாயமோ. என்னுடையதில் அந்தப் பூட்டு இல்லை என்று அவரே தேடிப் பார்த்துச் சொன்னார். 1,450 ரூபாய். பில்லை வாங்கியதும் கை பழக்கத்தில் ஜிஎஸ்டி எண்ணைத்தான் பார்த்தேன். 34-ல் தொடங்கியது, புதுச்சேரி. நம் பக்கம் 33. அந்தச் சின்னத் துண்டுக்கு மாநிலம் தாண்டிய பயணம். செக்போஸ்ட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் பையை மாட்டிக்கொண்டு, “வரட்டுமா சார்?” என்றாள்.

“கொஞ்சம் இரும்மா. டார்ச் பிடிக்கணும்.”

மேஜையில் பழைய நாளிதழை விரித்தேன். சார்ஜரைப் பிடுங்கி, முழுதாக அணைத்து, கவிழ்த்து வைத்தேன். அடியில் பத்துத் திருகு. அதில் இரண்டு நீளம். நீளத் திருகைக் குட்டைத் திருகு இருந்த இடத்தில் முடுக்கினால் மேல்பக்கம் குத்திக்கொண்டு வந்துவிடும் என்பதால், காகிதத்தில் லேப்டாப் மாதிரி ஒரு சதுரம் வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அங்கேயே வைத்தேன். காலாவதியான ஏடிஎம் கார்டை விளிம்பில் விட்டு நெம்பியதும் படபடவென்று கொக்கிகள் விட்டன. முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அதைக் கழற்றாமல் உள்ளே கை வைக்கக்கூடாது. ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டு வந்தேன், உடம்பில் இருக்கும் மின்னேற்றம் இறங்க.

ஓரத்தில் இருந்தது கார்டு. ரெவின்யூ ஸ்டாம்பைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் தலையில் இரண்டு ஒயர், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிமன். அவை கீல் வழியாகத் திரைக்குள் ஏறி மேல் விளிம்பில் ஆன்டெனாவாக முடிகின்றன. நாம் மூடியைத் திறந்து வைக்கிறோமே, அந்த மூடிதான் ஏரியல். இதை நான் தெரிந்துகொண்டது ஐம்பது வயதில். எது எங்கே மாட்டியிருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, நகத்தால் நேர் மேலாகத் தூக்கினேன். பக்கவாட்டில் இழுத்தால் ஒயர் அறுந்து கையோடு வந்துவிடும். ஒற்றைத் திருகை எடுத்ததும் பழைய கார்டு தானாகச் சாய்வாக எழும்பி நின்றது, இத்தனை வருஷம் படுத்திருந்தவன் எழுந்த மாதிரி. புதியதை அதே சாய்வில் செருகி அமுக்கித் திருகைப் போட்டேன். அதுவரை எல்லாம் சுலபம்.

ஒயரை மாட்டுவதில்தான் வினை. கனெக்டர் ஒரு கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. கண்ணாடியைப் போட்டால் பக்கத்தில் தெரியவில்லை, கழற்றினால் எதுவுமே தெரியவில்லை. வெள்ளையை எடுத்து வைத்து அமுக்கினேன், வழுக்கியது. மறுபடி அமுக்கினேன். உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“சத்தம் வந்துதா சார்?”

“என்ன சத்தம்?”

“இது டிச்சு பட்டன் மாதிரி சார். குழந்தை சட்டையில இருக்குமில்ல. நேரா வச்சு அமுக்கினா டிக்குனு வரும்.”

“வந்துது, வந்துது. கறுப்பை நீ போடு.”

அவள் டார்ச்சை என்னிடம் கொடுத்தாள். தலையை மேஜை மட்டத்துக்குக் குனிந்து, கனெக்டரை விரல் நுனியால் நகர்த்தி நகர்த்தி நேராக வைத்து, பேனா மூடியின் தட்டை முனையால் ஒரே அமுக்கு. டிக். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. வெள்ளைக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை என்பதும் அப்போதே தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

மூடினோம், பத்துத் திருகையும் போட்டோம். டிரைவரை முன்னாலேயே பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். நெட் வரவழைக்க வேண்டிய டிரைவரை நெட்டில் தேடும் கூத்து வேண்டாமே. பட்டியலில் எங்கள் ரூட்டர் பெயர் வந்தது. ஆனால் சிக்னல் பாதிதான். ரூட்டர் ஆறடி தூரத்தில் சுவரில் தொங்குகிறது. லேப்டாப்பை வராந்தாவுக்கு எடுத்துப் போனால் அதுவும் போய்விட்டது.

“கார்டே மட்டம் போலிருக்கு. பாண்டிச் சரக்கு” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்க்ரூட்ரைவரை எடுத்துப் பத்துத் திருகையும் அவளே கழற்றினாள். மூடி விலகியதும் வெள்ளை ஒயர் கனெக்டரை விட்டு நகர்ந்து, கார்டின் மேல் சும்மா படுத்துக் கிடந்தது. ஒற்றை ஆன்டெனாவில்தான் இத்தனை நேரம் ஓடியிருக்கிறது.

“இது நான் போட்டது” என்றேன்.

“ஆமா சார்.”

டிக்.

இந்த முறை வராந்தா, மாடிப்படி, கீழே டீக்கடை வாசல் வரை சிக்னல் இருந்தது. மணி ஏழு ஆகிவிட்டது. அவளுக்குத் திருப்பாப்புலியூர் போகவேண்டும். பையை மாட்டும்போது, தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் ரூட்டரின் புதிய பாஸ்வேர்டை எழுதி நீட்டினேன். அன்றைக்கு ஏதோ நினைப்பில் பேசிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை பாதியிலேயே நின்றது.

அவள் தாளை வாங்கிப் படித்தாள். மடித்து மேஜையில் என் பேனா ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தாள்.

“வேணாம் சார். எனக்குத் தினம் ஒன்றரை ஜிபி வருது, பத்தும்” என்றாள். “20-ஆம் தேதி மட்டும்தான் பத்தல.”