பத்தாவதோடு பள்ளியை விட்டேன், இப்போது யூசி டேவிஸ்

போன வாரம் முடிவு வந்தது, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) டேவிஸ் வளாகத்தில் கணிதம் கிடைத்துவிட்டது. அம்மா உடனே திருச்சியில் இருக்கும் பாட்டிக்கு போன் போட்டார். நான் பத்தாவதோடு பள்ளியை விட்டுவிட்டேன் என்று ரெண்டு வருஷமாக மறைத்து வைத்திருந்ததையும் அன்றைக்குத்தான் சொன்னார்.

கலிஃபோர்னியாவில் 16 வயதானாலே சிபிபி என்ற தேர்வு எழுதலாம், தேறினால் பள்ளிப் படிப்பை முடித்ததற்குச் சமமான சான்றிதழ் கிடைக்கும். 2023-ல் பழைய சிஎச்எஸ்பிஇ தேர்வுக்குப் பதிலாக வந்தது இது. ஆங்கிலமும் கணக்கும்தான், பயப்பட வேண்டாம். ஆனால் 18 ஆகாதவர்கள் பள்ளியை விட்டு வெளியேற பெற்றோர் சம்மதமும் வேண்டும். தேர்வுக்கு மூன்று வாரம் படித்தேன், அம்மாவின் கையெழுத்துக்கு மூன்று மாதம் கெஞ்சினேன்.

அப்புறம் கம்யூனிட்டி காலேஜ், அதாவது ரெண்டு வருஷம் படித்துவிட்டு யூசி போன்ற பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளக்கூடிய உள்ளூர்க் கல்லூரி. ஒரு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் கணக்கு) 46 டாலர். இங்கேதான் மாட்டிக்கொண்டேன். பொதுப் பாடங்களும் கால்குலஸும் போதும் என்று கவுன்சிலர் சொன்னார், நானும் நம்பி ஒரு வருஷம் ஓட்டினேன். ஆகஸ்டில் ஒரு ராத்திரி, மாறுவதற்கு எந்தெந்தப் பாடங்கள் வேண்டும் என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் என் காலேஜ், டேவிஸ், கணிதம் என்று மூன்றையும் தேர்ந்தெடுத்துப் பார்த்தால், லீனியர் ஆல்ஜீப்ரா கேட்டிருக்கிறது. வகுப்பு நிரம்பிவிட்டது, வெயிட்லிஸ்டில் 14-வது ஆள் நான்.

முதல் நாளே போய் கடைசிச் சுவர் ஓரமாக நின்றேன், ரெண்டாவது வாரமும் நின்றேன், வீட்டுப்பாடம்கூட எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, ஒருநாள் பேராசிரியர் மஞ்சள் சீட்டைக் கிழித்து வகுப்பில் சேர்வதற்கான ஆட் கோடைப் பென்சிலால் எழுதி நீட்டினார். அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

அதனால் கேளுங்கள், முதல் செமஸ்டருக்குப் பதிவு செய்வதற்கு முன்பே அசிஸ்டை நீங்களே திறந்து பாருங்கள். யார் சொன்னாலும் சரி, பாருங்கள்.

மற்றவை:
- டேக் (நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்ற யூசி ஏற்பாடு) ஒரே யூசி வளாகத்துக்குத்தான் போட முடியும், செப்டம்பர் 1 முதல் 30 வரை. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ மூன்றும் அதில் கிடையாது.
- யூசியில் சேருவதற்கு முந்தைய ஸ்பிரிங் செமஸ்டர் முடிவதற்குள் 60 செமஸ்டர் யூனிட் முடித்திருக்க வேண்டும்.
- ஜனவரியில் மதிப்பெண் அப்டேட் கேட்பார்கள், விட்டுவிடாதீர்கள்.
- சேர்க்கை முடிவுக்கு எஸ்ஏடி நுழைவுத் தேர்வை யூசி பார்ப்பதே இல்லை. அந்தப் பணத்தையும் நேரத்தையும் மிச்சம் பிடியுங்கள்.

எனக்குத் தனியாக இருப்பது பிடிக்கும், நூலகத்தில் ஒரு மூலை கிடைத்தால் போதும். மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ரெண்டு குழந்தைகளுக்கு அம்மா, வேலை முடிந்து நேராக வருவார். கால்குலஸை அவரோடு சேர்ந்துதான் படித்தேன். ஆனால் தங்கள் வயசுப் பிள்ளைகளோடு சிரித்துப் பேசினால்தான் படிப்பு ஏறும் என்பவர்கள் பள்ளியிலேயே இருந்துகொண்டு, கூடவே காலேஜ் பாடங்களும் படிக்கும் டூயல் என்ரோல்மென்ட் எடுங்கள். என் தங்கைக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

இடம் கிடைத்தாலும் நிபந்தனையோடுதான் கொடுத்திருக்கிறார்கள், இந்த ஸ்பிரிங் மதிப்பெண்ணும் குறையக் கூடாது. மே மாதம் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் கடைசித் தேர்வு. இன்று மாலையும் வகுப்பு இருக்கிறது.