சிவகாமி அம்மைக்கு அம்மம்மாவின் சேலை

அம்மம்மா நேர்ந்த சேலையை 2025 சித்திராப் பௌர்ணமிக்குத்தான் கொழும்பு கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரத்தில் சிவகாமி அம்மைக்குச் சாத்த முடிந்தது. தம்பியின் இருதயச் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் வைத்த நேர்த்தி அது. அவன் சுகமாகி வீட்டுக்கு வந்த கையோடு, வெள்ளவத்தையில் கடை கடையாய் ஏறி இறங்கி, அரக்குச் சிவப்பில் பச்சைக்கரை போட்ட பட்டு ஒன்றை எடுத்துவந்து அலுமாரியில் வைத்தா. "மழை விடட்டும், கொண்டுபோய்க் குடுப்பம்" என்றா. மழை விட முதலே அவ போய்விட்டா. ஆட்டத்திவசம், அதாவது முதல் வருஷத் திவசம், முடியட்டும் என்று பெரியவர்கள் சொன்னதால் பொறுத்திருந்தோம்.

தாயை இழந்தபின் அம்மா பிடிக்கிற முதல் சித்திராப் பௌர்ணமி விரதம். அன்றைக்கே பௌத்தர்களின் வெசாக் பண்டிகையும். காலி வீதி முழுக்க வெள்ளை உடுப்புச் சனமும் வெளிச்சக்கூடுகளும். பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் போனது. ஓரிடத்தில் தன்சல் என்கிற இலவசத் தானப் பந்தல் பொடியன்கள் யன்னலால் குளிர்பானத்தை நீட்டினார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்த அம்மா, கும்பிட்டுச் சிரித்து வேண்டாம் என்றா. அவ்வளவு அன்பான பிள்ளைகள். ஆனால் புறக்கோட்டையில் இறங்கியதும், நாள் பார்த்துக் கூலியை இரண்டு மடங்காக்கிய ஓட்டோக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கோயில் வாசலில் இன்னொரு கரைச்சல். வேண்டாம் என்றாலும் பூமாலையைக் கையில் திணித்துவிட்டுக் காசு கேட்கிறார்கள். விரதகாரரை இப்படி அலைக்கழிக்கலாமா?

உள்ளே கால் வைத்ததும் கருங்கல்லின் குளிர் உள்ளங்காலில் ஏறியது. தகப்பன் பொன்னம்பல முதலியார் 1857இல் எழுப்பிய கோயிலைத்தான் மகன் சேர் பொன் இராமநாதன் இப்படிக் கல்லிலே திருப்பிக் கட்டினார் என்று சின்ன வயசில் ஒவ்வொரு தூணாகக் காட்டிச் சொல்லித் தந்தவ அம்மம்மா. கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள் தொட்டு அவவுக்கு இதுதான் கோயில். 83 ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்து, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் பிள்ளைகளோடு படுத்து, கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போய், பிறகு திரும்பி வந்தபோதும் முதலில் இங்கேதான் வந்தாவாம். "இந்தக் கல்லைத் தொட்டாப் பிறகுதான் கொழும்புக்கு வந்ததெண்டு மனம் நம்பினது" என்பா. செவ்வாய்க்கிழமைகளில் கும்பிட்டு முடிய, பக்கத்தில் இருக்கிற அந்தோனியாருக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தாமல் வீட்டுக்கு வரமாட்டா. 2019இல் அந்தத் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்று முழுக்க அவ ஒரு வாய் சாப்பிடவில்லை.

அர்ச்சனைக்குப் பெயர் சொல்லும்போது அம்மம்மாவின் பட்டியல் நீளமானது. பிள்ளைகள், மருமக்கள், கனடாவில் பிறந்த பேரப்பிள்ளைகள், மேல்வீட்டு அன்ரி, எல்லாருக்கும் நட்சத்திரத்தோடு சொல்லுவா. தன் பெயரை மட்டும் சொல்லமாட்டா. கேட்டால், "எனக்கென்னத்துக்கு? நான் அவவுக்கு முன்னாலதானே நிக்கிறன்" என்பா.

அன்றைக்கு அம்மா அதே வரிசையில், ஒரு பெயரும் விடாமல் சொன்னா. பிறகு சுவாமி சந்நிதியில் மோட்ச அர்ச்சனை. சனம் நெருக்க, எனக்கு முன்னால் நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடிக்க, ஒன்றும் தெரியவில்லை. காதால் கேட்கத்தான் முடிந்தது. ஐயர் ஒவ்வொரு குடும்பத்தின் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்து, அம்மம்மாவின் பெயரைச் சொன்னார். அந்தக் கோயிலுக்குள் அவவின் பெயர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். இத்தனை வருஷம் அவ நின்று கும்பிட்ட இடத்தில்! அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினா. தம்பி நெஞ்சில் கை வைத்தபடி அசையாமல் நின்றான்.

அம்மன் சந்நிதியில் திரை விலகியபோது மணியோசையில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அரக்குச் சிவப்பு, பச்சைக்கரை. அலுமாரியில் அம்மம்மா மடித்து வைத்த மடிப்பின் கோடுகள்கூடப் பட்டில் அழியாமல் இருந்தன. கற்பூர வெளிச்சம் ஏறி இறங்க அந்தக் கோடுகள் தெரிந்து தெரிந்து மறைந்தன. அவவின் கை பட்ட சேலை அம்மையின் மேனியில். வாய்விட்டு "தாயே" என்று மட்டும் சொன்னேன். தேவாரம்கூட வரவில்லை.

அம்மா சிவகாமி, என் தம்பியைத் தந்தாய். வீடு எரிந்த பிறகும் எங்களை ஆளாக்க அம்மம்மாவைத் தந்தாய். அவவை உன் காலடியில் வைத்திரு. அம்மாவின் முழங்கால் நோவையும் பார்த்துக்கொள். மாமாவின் மகளுக்கு ஆவணியில் பிள்ளை பிறக்கப்போகிறது. நட்சத்திரம் தெரிந்ததும் அந்தப் பெயரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு வருகிறோம்.