நாம கேக்காமலே சுருக்கி அனுப்பின சர்வர்

எங்க டீம்ல ராத்திரி ஓடுற ஸ்கிரிப்ட்தான் நிறைய. பல லாரி சர்வீஸ், கூரியர் கம்பெனிகளோட சர்வருக்குப் போய் எந்த சரக்கு எங்க நிக்குதுன்னு ஜேசான்ல (டேட்டாவ டெக்ஸ்ட்டா எழுதுற ஒரு வடிவம்) வாங்கிட்டு வந்து கிளையன்ட்டோட டேட்டாபேஸ்ல போடணும், அவ்வளவுதான் வேலை. எல்லாமே பைத்தான். ஆனா கிளையன்ட் மெஷின்ல நம்ம இஷ்டத்துக்கு ஒரு பேக்கேஜ் போட்டுட முடியாது, ஒவ்வொண்ணுக்கும் அவங்க செக்யூரிட்டி ஆளுங்ககிட்ட அப்ரூவல் வாங்கணும், அதுக்கு நடையா நடக்கணும், அதனால வெப் சர்வர்கிட்ட பேசுறதுக்கான ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரியெல்லாம் அங்க கெடையாது, பைத்தான் கூடவே வர்ற யூஆர்எல்லிப் மட்டும்தான். இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா ரெக்வெஸ்ட்ஸ் இருந்திருந்தா இந்தப் பிரச்சனையே எங்க கண்ணுல பட்டிருக்காது, சுருக்கி வந்தத அது சத்தமில்லாம விரிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கும்.

அந்த கம்பெனிகள்ல ஒண்ணோட சர்வர் மட்டும் சில ராத்திரி நல்லா வேலை செய்யும், சில ராத்திரி படுத்துடும். லாக்ல வர்றது எப்பவும் ஒரே எரர்தான். யூடிஎஃப்-8 (எழுத்த பைட்டா எழுதுற முறை) டீகோட் பண்ண முடியல, பொசிஷன் 1ல இருக்கிறது 0எக்ஸ்8பி (ஹெக்ஸ்ல 8பி), இது ஸ்டார்ட் பைட்டா இருக்க முடியாது. பொசிஷன 0ல இருந்து எண்ணுவாங்க, அதனால 1ன்னா ரெண்டாவது பைட். கூட வேலை பாக்கிற தம்பி லாகைப் பாத்த உடனே, "அண்ணா, ஊர் பேரெல்லாம் தமிழ்ல அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க போல, அதான் உடையுது"ன்னான். யூனிகோட் எரர்னு ஒண்ணு வந்தா நம்ம ஆளுங்களே முதல் பழிய தமிழ் மேலதான் போடுவாங்க, இது எனக்கு ரொம்ப நாளா இருக்கிற எரிச்சல்.

அவன உக்கார வெச்சு அந்த எரரையே வரி வரியா படிச்சோம். தமிழ் யூடிஎஃப்-8ல எப்படி இருக்கும்? அ, க மாதிரி ஒவ்வொரு கோட் பாயின்ட்டும் (யூனிகோட்ல தனி நம்பர் இருக்கிற குறி) 3 பைட், கின்னு எழுதினா க ஒண்ணு மேல்விலங்கு ஒண்ணுன்னு மொத்தம் 6 பைட். முதல் பைட் எப்பவுமே இ0, அடுத்தது ஏஇ இல்லன்னா ஏஎஃப். அ-ன்னா இ0 ஏஇ 85. ஜேசான் ஆரம்பிக்கிறதோ சுருள் பிராக்கெட்ல, அது 7பி. அப்போ தமிழால உடைஞ்சிருந்தா நடுவுல எங்கயோதானே உடையணும், ரெண்டாவது பைட்லயே எப்படி உடையும்? முதல் பைட் எதுவோ அது சாதாரண ஆஸ்கி (ஒரே பைட்ல அடங்குற எழுத்து) மாதிரி இருந்ததால டீகோடர் விட்டுடுச்சு, ரெண்டாவது 8பி, அத தாண்ட முடியல. 1எஃப் 8பின்னு ரெண்டு பைட் ஆரம்பத்துல சேந்து நின்னா அது ஜிஸிப், அதாவது சுருக்கி அனுப்பின டேட்டா. 1எஃப் ஒரு கன்ட்ரோல் கேரக்டர், யூடிஎஃப்-8க்கு அதுல ஒண்ணும் ஆட்சேபணை இல்ல, 8பி மட்டும் ஒரு எழுத்தோட ஆரம்பமா வரக்கூடாது. அதனால "பொசிஷன் 1ல 8பி"ன்னு எரர் வந்தாலே பாடிய (பதிலோட உள்ளடக்கத்த) திறந்து பாக்கிறதுக்கு முன்னாடியே நான் ஜிஸிப்னு சொல்லிடுவேன். இதே பைட்ஸ் பேஸ்64ல (பைட்ட வெறும் எழுத்தாவும் எண்ணாவும் எழுதுற முறை) வந்தா ஹெச், 4, சின்ன எஸ், பெரிய ஐன்னு ஆரம்பிக்கும், அதையும் ஒரு தடவ பாத்து வெச்சுக்கிட்டா எந்த லாக்ல பாத்தாலும் கண்ணுல பட்டுடும்.

சரி, ஜிஸிப்னு தெரிஞ்சுடுச்சு, விரிச்சுட்டா முடிஞ்சுதுன்னு விட்டுடலாம். ஆனா எனக்கு உறுத்தினது வேற. நாங்க கேக்கவே இல்லையே! யூஆர்எல்லிப் தன்னால அக்செப்ட்-என்கோடிங்: ஐடென்டிட்டின்னு ஒரு ஹெடர் (கேள்வியோடயும் பதிலோடயும் மேல ஒட்டி வர்ற குறிப்பு வரி) அனுப்பும், அதாவது சுருக்காம அப்படியே குடுன்னு அர்த்தம். நெட்ல கெடைக்கிற பதில்ல பாதி, யாராச்சும் பிரவுசர்ல இருந்து ஹெடர அப்படியே காப்பி பண்ணி ஸ்கிரிப்ட்ல ஒட்டியிருப்பாங்க, அதுல ஜிஸிப், டிஃப்லேட், பிஆர் (ப்ராட்லி)னு சுருக்குற முறைகளோட பேர் இருக்கும், சர்வர் கேட்டதைக் குடுத்துடுச்சுன்னு முடியும். அது உண்மையாவே ரொம்ப சகஜம், முதல்ல அதத்தான் பாக்கணும், நாங்களும் பாத்தோம், எங்க கோட்ல அப்படி எதுவும் இல்ல. அதுக்கு மேல பகல்ல கையால ஓட்டினா சுத்தமா டெக்ஸ்ட் வருது, கர்ல்ல (கமாண்ட் அடிச்சு யூஆர்எல்ல கேக்கிற டூல்) அடிச்சா டெக்ஸ்ட் வருது, பிரவுசர்ல சொல்லவே வேணாம்.

உடையுற ராத்திரி ரெஸ்பான்ஸோட ஹெடர் எல்லாத்தையும் ஃபைல்ல எழுதி வைக்கச் சொல்லி ஸ்கிரிப்ட்ல ரெண்டு வரி சேத்தோம். மறுபடி உடைஞ்சப்போ பாத்தா, கன்டென்ட்-என்கோடிங்: ஜிஸிப்னு நேர்மையா எழுதித்தான் அனுப்பியிருக்கான், நம்ம ஸ்கிரிப்ட்தான் பாடிய மட்டும் படிச்சுட்டு ஹெடர் பக்கமே போகல. ஆனா அதுக்குக் கீழ இருந்த வரிதான் விஷயம். ஏஜ்னு ஒரு ஹெடர், அதுல ஒரு நம்பர். ஏஜ் வந்தாலே இந்த பதில் நேரா அப்ளிகேஷன்ல இருந்து வரல, நடுவுல ஒரு கேச்ல (பதில காப்பி எடுத்து வெச்சுக்கிட்டு திரும்பத் தர்ற எடம்) இத்தன செகண்டா கெடந்துட்டு வருதுன்னு அர்த்தம். வேரி ஹெடர் இருக்கான்னு தேடினோம், இல்ல.

வேரி: அக்செப்ட்-என்கோடிங்னு ஒரு வரி இருந்தா, சுருக்கினது ஒண்ணு சுருக்காதது ஒண்ணுன்னு தனித்தனியா வெச்சுக்கோன்னு கேச்சுக்குப் புரியும். அது இல்லாட்டி ஒரு யூஆர்எல்லுக்கு ஒரே காப்பிதான். காலைல முதல்ல வந்த ஆள் சர்க்கரை இல்லாம டீ கேட்டான்னு அன்னிக்கு வர்ற எல்லாருக்கும் சர்க்கரை இல்லாமலே குடுக்கிற கடை மாதிரிதான். கேச் காலியா இருக்கும்போது பிரவுசர் முதல்ல போனா ஜிஸிப் உள்ள போய் உக்காந்துக்கும், அப்புறம் நம்ம ஸ்கிரிப்ட் ஐடென்டிட்டின்னு கேட்டாலும் அதேதான் கெடைக்கும். ஸ்கிரிப்ட் முதல்ல போனா டெக்ஸ்ட். சில ராத்திரி ஓடுறதும் சில ராத்திரி படுக்குறதும் இதனாலதான்.

யூகத்தோட நிறுத்தாம நிரூபிக்கணும்ல. யூஆர்எல் கடைசில யாரும் உபயோகிக்காத ஒரு குப்பை பாராமீட்டர் சேத்தா கேச் அத புது யூஆர்எல்னு நெனச்சுக்கும். அப்படி ஒண்ணு போட்டு கர்ல்ல முதல்ல ஜிஸிப் வேணும்னு கேட்டோம், உடனே அதே யூஆர்எல்ல ஐடென்டிட்டின்னு கேட்டோம், வந்தது 1எஃப் 8பி. பாராமீட்டர மாத்தி வரிசைய திருப்பிப் போட்டோம், முதல்ல ஐடென்டிட்டி, அப்புறம் ஜிஸிப், ரெண்டுக்குமே டெக்ஸ்ட் வந்துச்சு. தம்பி சேர்ல இருந்து எந்திரிச்சே நின்னுட்டான்.

அந்த கம்பெனிக்கு மெயில் போட்டா பதிலுக்கு பிரவுசர் ஸ்கிரீன்ஷாட் ஒண்ணு வந்துச்சு, எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குன்னு. இந்த மாதிரி கேஸ்ல பிரவுசர் மாதிரி மோசமான சாட்சி கெடையாது, சுருக்கி வந்தாலும் சுருக்காம வந்தாலும் அது ஒரே மாதிரிதான் காட்டும். அந்த ரெண்டு கர்ல் கமாண்டையும் வரிசை மாறாம ஓட்டிப் பாருங்கன்னு எழுதி அனுப்பினதுக்கு அப்புறம் அவங்க நெட்வொர்க் ஆள் ஒருத்தர் கைல அது போய் சேந்துச்சு, அவருக்கு டக்குனு புரிஞ்சுடுச்சு.

அவங்க சரி பண்ற வரைக்கும் நாம சும்மா இருக்க முடியாதே. தம்பி டீகோட் பண்ற எடத்துல எரர்ஸ் ஈக்வல் டூ இக்னோர்னு, அதாவது டீகோட் ஆகாத பைட்ட விட்டுடுன்னு, போட்டுடவான்னு கேட்டான். வேணவே வேணாம்னுட்டேன். ஏன்னா வேற ஒரு பழைய ப்ராஜெக்ட்ல, எப்பவோ வேலைய விட்டுப் போனவர் எழுதின ஸ்கிரிப்ட் சேத்து வெச்ச ஃபைல்கள நான் தோண்டியிருக்கேன். கொஞ்ச ஃபைல் எரர்ஸ் ஈக்வல் டூ ரீப்ளேஸ்னு எழுதினது, உள்ள முழுக்க கறுப்பு டைமண்டுக்குள்ள கேள்விக்குறி, எந்த பைட் எதுவா இருந்துச்சுன்னு கடவுளுக்கே தெரியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். இன்னும் கொஞ்ச ஃபைல் லத்தீன்-1னு (ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்துன்னு வெக்கிற முறை) டீகோட் பண்ணி எழுதினது. பாக்க அதுவும் குப்பைதான், ஆனா லத்தீன்-1ல 256 பைட்டுக்கும் ஒவ்வொரு எடம் இருக்கு, ஒண்ணும் தொலையாது. திரும்ப லத்தீன்-1ல என்கோட் பண்ணினா பழைய பைட்ஸ் அப்படியே கெடைக்கும், ஜிஸிப்ப விரிச்சா ஜேசான் வந்துடும். ஒரே ஒரு சிக்கல், ஃபைல திறக்கும்போது நியூலைன் ஆப்ஷனுக்கு காலி ஸ்ட்ரிங் குடுக்கணும், இல்லன்னா பைத்தான் நல்லது பண்றதா நெனச்சு 0டி எல்லாத்தையும் 0ஏ ஆக்கிடும் (ரெண்டும் வரி முடிவுக் குறிதான்), அப்புறம் பாதில உடையும், இல்லன்னா கடைசில சிஆர்சி (டேட்டா சரியான்னு பாக்கிற எண்) ஒத்துவராது.

அதனால நாங்க செஞ்சது, ஹெடர் என்ன சொன்னாலும் சரி, முதல் ரெண்டு பைட்ட பாரு, 1எஃப் 8பியா இருந்தா விரி. விரிச்சதுக்கு அப்புறமும் முதல்ல 1எஃப் 8பியே இருந்தா இன்னொரு தடவ விரி, அதுக்கு மேல இருந்தா எரர் போட்டு நிறுத்து. ரெண்டு தடவ எதுக்குன்னா, அப்ளிகேஷனே ஒரு தடவ சுருக்கி, முன்னாடி இருக்கிற ப்ராக்ஸி (நடுவுல நின்னு வாங்கிக் குடுக்கிற சர்வர்) இன்னொரு தடவ சுருக்கி அனுப்பினத வேற எடத்துல பாத்திருக்கேன். ஹெடர்ல ஜிஸிப்னு போட்டுட்டு பாடி வெறும் டெக்ஸ்டா வந்ததையும் பாத்திருக்கேன். எங்களுக்கு வர்றது ஜேசான் மட்டும்தாங்கிறதால இப்படிப் பண்றது சரி, நெஜமாவே ஒரு ஜிஸிப் ஃபைல டவுன்லோட் பண்ற ஸ்கிரிப்ட்ல இதப் போட்டா விரிக்கக் கூடாததையும் விரிச்சு வெச்சுடும்.

விரிக்கிறதுக்கு பைத்தானோட ஜிலிப் மாட்யூல்ல, வர்றது எந்த வகைன்னு சொல்ற டபிள்யூபிட்ஸ் ஆப்ஷனுக்கு 47 குடுத்தோம். ஜிஸிப், ஜிலிப் ரெண்டுமே டிஃப்லேட்ங்கிற சுருக்குற முறைக்கு மேல போடுற உறைங்கதான். 31ன்னா ஜிஸிப் மட்டும், 15ன்னா ஜிலிப் மட்டும், 47ன்னா ரெண்டுல எதுன்னு அதுவே கண்டுபிடிச்சுக்கும். டிஃப்லேட்னு சொல்லி அனுப்புறவங்கதான் இதுல தனி ரகம். எச்டிடிபில டிஃப்லேட்னா ஜிலிப் உறை போட்டு அனுப்பணும், ஆனா பேரப் பாத்துட்டு உறையே இல்லாம வெறும் டிஃப்லேட்ட அனுப்புற சர்வருங்களும் உண்டு, அதுக்கு மைனஸ் 15 குடுக்கணும், 47 அதப் பிடிக்காது. ஜிலிப், டிஃப்லேட், ஜிஸிப் மூணுக்கும் 1996 மே மாசம் அடுத்தடுத்த நம்பர்ல ஆர்எஃப்சி (இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணம்) வந்துச்சு, 1950, 1951, 1952. அப்பவே எச்டிடிபிகாரங்க வேற பேரு வெச்சிருந்தா எத்தன பேர் நிம்மதியா தூங்கியிருப்பாங்க! ப்ராட்லி இன்னும் மோசம், அடையாள பைட்டே கெடையாது, ஹெடர நம்பித்தான் ஆகணும், அதனால விரிக்கத் தெரியாம பிஆர்னு கேட்டு வாங்கவே கூடாது.

இன்னொண்ணு தம்பி கண்டுபிடிச்சது, அவனுக்கே அந்தப் பெருமை. பதில் பாதில அறுந்து வந்தா ஜிஸிப் மாட்யூல் முடிவு வரலன்னு எரர் போடும், ஆனா ஜிலிப்போட டீகம்ப்ரெஸ்ஆப்ஜ் வாயே திறக்காது, வந்த வரைக்கும் விரிச்சுக் குடுத்துட்டு போயிட்டே இருக்கும். கடைசில இஓஎஃப்னு ஒரு அட்ரிபியூட் ட்ரூவா இருக்கான்னு நாமதான் பாக்கணும். ஒரு பெரிய பதில வேணும்னே பாதில வெட்டி டெஸ்ட் பண்ணிட்டு வந்து, "அண்ணா, இது எரரே போட மாட்டேங்குது"ன்னு நின்னான். நல்லவேளை அன்னிக்கு லைவ்ல போடல. துண்டு துண்டா வாங்கி விரிக்கும்போது ஒவ்வொரு துண்டையும் தனியா டீகோட் பண்ணக் கூடாதுங்கிறதும் அப்பதான் பேச்சுல வந்துச்சு, 3 பைட்ல ஒண்ணு இந்தத் துண்டுலயும் மீதி அடுத்த துண்டுலயும் போயிட்டா அப்போ நெஜமாவே தமிழாலதான் உடையும், அதுக்கு, மீதி பைட்ட அடுத்த துண்டு வர்ற வரைக்கும் வெச்சிருக்கிற இன்க்ரிமென்டல் டீகோடர் போடணும். அதே தமிழ்தான் ஜிஸிப்புக்கு ரொம்பப் பிடிச்சதும், இ0 ஏஇ, இ0 ஏஎஃப்னு திரும்பத் திரும்ப வர்றதால நல்லா சுருங்கும்.

விரிக்கிறதுக்கு ஒரு உச்ச அளவும் வெச்சோம். டிஃப்லேட் அதிகபட்சம் சுமார் 1032 மடங்கு வரைக்கும் சுருக்கும், 1 எம்பி வந்து 1 ஜிபியா விரிஞ்சா ராத்திரி மெஷினே படுத்துடும், இத பாத்துதான் கிளையன்ட் செக்யூரிட்டி ஆளுங்களும் சீக்கிரம் தலையாட்டினாங்க.

அந்த கம்பெனி வேரி வரிய சேத்து பழைய கேச்சையும் காலி பண்ணினதுக்கு அப்புறம் அங்க இருந்து ஜிஸிப் வர்றது நின்னுபோச்சு. இனிமே அந்த செக்க எடுத்துடலாமான்னு தம்பி கேட்டான், இருக்கட்டும்பா, கேக்காம சுருக்கி வந்தா லாக்ல ஒரு வரி மட்டும் எழுதச் சொல்லுன்னேன். அந்த வரி இப்போ தினம் வருது, இன்னொரு கூரியர்காரன் சர்வர்ல இருந்து. அவன்கிட்ட கேச்சும் கெடையாது ஒண்ணும் கெடையாது, யார் என்ன கேட்டாலும் சுருக்கித்தான் குடுப்பான். அவனுக்கு நாங்க மெயில் எதுவும் போடல.